பூட்: தன் தோளில் தானே ஏறிய சொல்

"கம்ப்யூட்டர் பூட் ஆகலை." சொல்பவருக்கு அது ஒரே குறை. பழுது பார்ப்பவருக்கோ மூன்று நான்கு குறைகளில் ஏதோ ஒன்று. பொத்தானை அழுத்தியும் விசிறிகூடச் சுற்றாத பெட்டியும், விண்டோஸின் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும் பெட்டியும் ஒன்றா? நாம் இரண்டையும் இந்த ஒரு சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

சொல் பிறந்த இடம் காலில் மாட்டும் பூட்ஸ்தான். உயரமான பூட்ஸை இழுத்து மாட்டிக்கொள்ள அதன் மேல்விளிம்பில் ஒரு வார் தைத்திருப்பார்கள். பூட்ஸ்ட்ராப் என்பது அதன் பெயர். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு சொலவடை இருந்தது. நடக்காத காரியத்தைக் கேலி செய்யத்தான் முதலில் அதைச் சொன்னார்கள். தன் தோளில் தானே ஏற முடியுமா என்று நாம் கேட்போமே, அதே கேலி. சொந்த முயற்சியில் முன்னேறுவது என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

கணினிக்கும் இதே சிக்கல்; அதனால்தான் பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் இங்கேயும் வந்து, பூட் என்று சுருங்கியது. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் ஏற்றுவது? 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701இல் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளை அட்டையிலிருந்து முதல் துண்டு மட்டும் உள்ளே வரும். மிச்சத்தை எப்படிப் படிப்பது என்பதை அந்தத் துண்டே சொல்லும். 1975இல் வந்த ஆல்டேர் 8800இல் இந்த வேலை மனிதர் விரலுக்கு வந்தது. முகப்பில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளில் எட்டை மேலும் கீழுமாக வைத்து ஒரு பைட், அடுத்து இன்னொரு பைட் என்று ஏற்றும் நிரலைக் கையாலேயே பதிய வேண்டும். ஒரு சுவிட்ச் மாறிப்போனால் போதும், வண்டி நகராது.

இன்றைய மேசைக்கணினியில் அந்த முதல் நிரல் மதர்போர்டில் ஒரு சில்லில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் சீரானதும் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கிப் பெட்டி ஒரு சமிக்ஞை கொடுக்கும். சில்லில் உள்ள நிரல் விழித்து ரேம், கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும்; இதுதான் தன்சோதனை. அப்புறம்தான் விண்டோஸ் போன்ற இயங்குதளம் இருக்கும் வட்டைத் தேடும். பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைக்கும். அந்தச் சின்னத் துண்டு பெரிய துண்டை இழுக்கும், அது இயங்குதளத்தையே இழுக்கும். புதிய யூஇஎஃப்ஐ முறையில் 512 பைட் கணக்கு இல்லை, ஆனால் ஒன்று இன்னொன்றை இழுப்பது அப்படியே இருக்கிறது. கறாராகப் பார்த்தால் பூட் என்பது இந்த இழுப்புதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? துவக்கு, தொடக்கு, இயக்கு என்று பலவும் புழங்குகின்றன. 'இயக்கு' எனக்கு ஒத்துவரவில்லை; ஓடிக்கொண்டிருக்கும் எதையும் இயக்கலாம். துவங்கு என்பது தொடங்கு என்பதன் திரிபு, எனவே மூல வடிவமே இருக்கட்டும். இங்கே தமிழ் ஒரு வசதியும் தருகிறது. அடங்கு, அடக்கு போலத் தொடங்கு, தொடக்கு. கணினி தானாகத் தொடங்குகிறது, நாம் அதைத் தொடக்குகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பூட்தான்.

பெயரடையாக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 'தொடக்க வட்டு' என்றால் தொடக்கப் பள்ளி மாதிரி, கற்றுக்குட்டிகளுக்கான வட்டு என்று தொனிக்கிறது. ஏவுகணை போல வினைத்தொகையாகத் 'தொடக்கு வட்டு' என்றால் சிக்கல் இல்லை.

குறையைச் சொல்லும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்கும். விளக்கும் விசிறியும் அசையவில்லையா, 'உயிரே வரவில்லை' என்று சொல்லுங்கள். பார்க்க வேண்டியது பிளக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும். விசிறி சுற்றுகிறது, பீப் ஒலிக்கிறது, திரை இருட்டு என்றால் 'தன்சோதனை தாண்டவில்லை'. பெரும்பாலும் ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கும் கட்டம். தயாரிப்பாளரின் சின்னம் வந்த பிறகு நின்றால்தான் 'தொடங்கவில்லை' சரியான சொல். ஒருமுறை கறுப்புத் திரையில் தொடக்கு வட்டு கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியைப் பார்த்து ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றே முடிவுகட்டி, அரைமணி நேரம் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். பெட்டியின் பின்னால் ஒரு வெற்றுப் பென் டிரைவ் செருகியபடியே இருந்தது. கணினி முதலில் அதைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது.

ரீபூட்டுக்கு 'மறுதொடக்கம்' நிலைத்துவிட்டது. வார்ம் பூட் (மின்சாரத்தை அணைக்காமலே மறுபடி தொடக்குவது), கோல்ட் பூட் (அணைத்திருந்த கணினியைத் தொடக்குவது) என்பவற்றைச் சூடு, குளிர் என்று பெயர்க்காமல் மறுதொடக்கம், முழுத்தொடக்கம் என்றால் போதும் என்று நினைத்திருந்தேன். 1981இன் ஐபிஎம் பிசிக்கு அது பொருந்தும். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நினைவகச் சோதனையைத் தாண்டிவிடும், அணைத்துப் போட்டால் முழுவதும் சோதிக்கும். விண்டோஸ் 8 முதல் கதை தலைகீழ். வேகத் தொடக்க வசதி இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவை வட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து முழுவதுமாகத் தொடங்குகிறது.