மெயினை ஆஃப் செய்தும் ஜன்னல் கம்பியில் ஷாக் அடிக்கிறதா?

போன வாரம் ஒரு வீட்டில் நெட் வரவில்லை என்று போனேன். மோடத்தில், ஒளி வந்து சேரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஃபைபர் கட். வயரைப் பிடித்துப் பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் போனதும் அந்த வீட்டு அம்மா பதறினார். "அந்தக் கம்பியைத் தொடாதீங்க தம்பி, நாலு நாளா சுர்ருனு அடிக்குது." எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர் மெயினை ஆஃப் செய்திருக்கிறார். அப்போதும் அடித்திருக்கிறது. சுவர் ஈரம், காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஈரம் கரண்டை உண்டாக்காது. மெயினை ஆஃப் செய்தும் அடித்தால், வீட்டு இன்வெர்ட்டரும் காரணம் இல்லை என்றால், கரண்ட் வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

ஜன்னல் கிரில்லில் நெட் வயரின் ஸ்டீல் கம்பியை மூன்று சுற்றாக முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் மறுமுனை தெருமுனை இ.பி. போஸ்ட்டில். அங்கே அது வேறொரு வீட்டு சர்வீஸ் வயரோடு காற்றில் உரசி உரசி, இரண்டு வயரின் தோலும் பெயர்ந்து, ஃபைபரும் அந்த இடத்தில் கருகியிருந்தது. அந்த வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பையன் இருக்கிறான். தினமும் அந்த ஜன்னலில் ஏறி நின்றுதான் ஸ்கூல் வேன் வருகிறதா என்று பார்ப்பானாம்.

"கண்ணாடி வயரு, இதுல கரண்டே வராதுன்னு கனெக்‌ஷன் கொடுக்க வந்தவங்கதானே சொன்னாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! ஃபைபரில் கரண்ட் வராது என்பது உண்மை. அது கண்ணாடி இழை, தலைமுடி அளவு, அதற்குள் போவது ஒளி. ஆனால் உங்கள் வீட்டுக்கு வருவது வெறும் இழை அல்ல. போஸ்ட்டிலிருந்து வீடு வரை தொங்கும்போது அந்த இழையால் தன்னைத் தானே தாங்க முடியாது. அதனால் பக்கத்திலேயே ஒரு ஸ்டீல் கம்பியை வைத்து, இரண்டையும் ஒரே கறுப்புத் தோலுக்குள் போட்டுத் தட்டையாகச் செய்கிறார்கள். இழுத்துக் கட்டுவது அந்த ஸ்டீலைத்தான். கட்டுவதற்காக அதைத் தனியே பிரித்து, பல நேரம் தோலையும் சீவிவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் இரும்புக் கம்பி. பெரிய கேபிளைத் தாங்க தெரு நெடுக இழுத்திருக்கும் ஜி.ஐ. கம்பியும் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) அப்படித்தான். டெஸ்டரை வயரின் கறுப்புத் தோல் மேல் வைத்துவிட்டு "விளக்கு எரியலை, ஒண்ணும் இல்லை" என்பவர்களையும் பார்க்கிறேன். தோல் மேல் வைத்தால் எப்படி எரியும்?

சரி, போஸ்ட்டில் எது யாருடையது என்று தரையில் நின்றே ஓரளவு சொல்லிவிடலாம். உச்சியில் மணி மாதிரிப் பீங்கான் மேல் மூன்று கம்பி போனால் அது உயரழுத்தம், நம் ஊர்களில் 11,000 அல்லது 22,000 வோல்ட். அதற்குக் கீழே நூல்கண்டு வடிவப் பீங்கானில் நாலைந்து கம்பி போனால் வீடுகளுக்கும் தெருவிளக்குக்குமான லைன். கடைசியாகக் கீழே, பீங்கான் இல்லாமல், கொக்கியிலும் கிளாம்பிலும் தொங்குபவை எங்கள் நெட், கேபிள் டி.வி. வயர்கள். எங்கள் வேலையில் இருப்பவர்களே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பீங்கான் இல்லாமல், கட்டை விரல் தடிமனில் மூன்று நான்கு கறுப்பு வயர்கள் சடை போல முறுக்கிக்கொண்டு போனால் அது நெட் வயர் இல்லை, ஏ.பி. கேபிள், அதாவது தோல் போட்டு ஒன்றாக முறுக்கிய இ.பி. லைன். முழுக்க முழுக்க கரண்ட்.

தண்ணீர் பாட்டில் அளவில் குவிந்த கறுப்புப் பெட்டி ஃபைபர் ஜாயின்ட். பக்கத்தில் வளையமாகச் சுற்றி வைத்திருப்பது பின்னால் ரிப்பேருக்கு வேண்டும் என்று விட்ட மிச்சம். தயவுசெய்து அதை வெட்டி எடைக்குப் போடாதீர்கள், உள்ளே செம்பு இல்லை. தடித்த கேபிள் டி.வி. வயர் நுழைந்து வெளியேறும் அலுமினியப் பெட்டி ஆம்ப்ளிஃபையர், அதற்குள் கரண்ட் உண்டு. பூட்டிய பெட்டியில் சின்ன விளக்கு மின்னினாலோ விசிறிச் சத்தம் கேட்டாலோ உள்ளே 230 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் புகார் சொல்லும்போது உதவும். தொடுவதற்கான அனுமதி இல்லை. போஸ்ட்டில் சரியாக இருக்கும் வயரைத்தான் இப்படி அடையாளம் காண முடியும். அறுந்து தரையில் கிடந்தால் எல்லாம் கரண்ட் வயர்தான். யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், போஸ்ட் நம்பரைப் பார்த்துக்கொண்டு இ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். லைன் ஆஃப் ஆனது என்று இ.பி. ஆள் சொல்லும் வரை நாங்களே கை வைக்க மாட்டோம்.

தொங்கும் வயரில் துணி காயப்போடாதீர்கள். வாசலுக்கு இடைஞ்சல் என்று கேட்டில் இழுத்துக் கட்டாதீர்கள். வைக்கோல் லாரிக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வழிவிட மூங்கிலால் வயரைத் தூக்குவதை நிறுத்துங்கள், கீழ் வயரைத் தூக்கினால் அது மேல் லைனில் போய் முட்டும். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போய்விட்டார்கள். அறுந்த ஃபைபரின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு முனையில் ஸ்டீலைக் கிரில்லில் முறுக்காதீர்கள். சுவரில் கொக்கி அடித்து, பிளாஸ்டிக் கிளாம்பில் மாட்டி, மிச்ச ஸ்டீலை அங்கேயே நறுக்கிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. அதற்கும் நேரமில்லை என்றால் அன்றைக்கு ஒரு கனெக்‌ஷன் குறைவாகக் கொடுங்கள்.

இ.பி. ஆட்கள் லைனை ஆஃப் செய்த பிறகு அந்த வீட்டுக்குப் புது வயர் இழுத்தோம். போகும் வழியில் மற்ற ஜன்னல்களையும் பார்த்தேன். அதே தெருவில் இன்னும் நான்கு வீட்டுக் கிரில்லில் ஸ்டீல் முறுக்கியிருந்தது. இரண்டு எங்கள் கனெக்‌ஷனே இல்லை. லைன் ஆஃபில் இருக்கும்போதே நான்கையும் அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம்.