டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏ.எஃப்., வி.டி., ஐ.சி.டி.: இதயத் துடிப்புச் சுருக்கங்களைப் படிப்பது எப்படி?

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ஒரு வரி: "ஏ.எஃப். வித் ஆர்.வி.ஆர்., ஐ.என்.ஆர். 1.6". வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த வரி அவசரமான ஒன்றைச் சொல்கிறது. அவருடைய இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கின்றன, கீழறைகள் வேகமாக ஓடுகின்றன, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ இன்னும் போதிய அளவுக்கு வேலை செய்யவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கிளம்பும் முன்பே கேட்டிருப்பார். அந்தக் கேள்வி ஒரு பக்கவாதத்தைத் தடுக்கக்கூடியது. அதனால்தான் இந்த எழுத்துகளை டாக்டர்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, பெயரில் இருப்பது ஏ-யா, வி-யா என்பதை. ஏ என்றால் ஏட்ரியம், மேலறை. வி என்றால் வென்ட்ரிக்கிள், கீழறை. துடிப்பைத் தொடங்கும் மின்தூண்டல் வலது மேலறையின் உச்சியில் உள்ள எஸ்.ஏ. நோட் என்ற சிறு திசுத் திட்டில் பிறக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. அது மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள ஏ.வி. நோடுக்கு வந்து, ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. மேலறை பிழிந்து அனுப்பும் ரத்தம் கீழறையில் நிரம்ப அந்தத் தாமதம் வேண்டும். பிறகு ஹிஸ் கற்றை, பர்கிஞ்சி இழைகள் வழியாகக் கீழறைகள் முழுவதும் மின்சாரம் பாய்கிறது. ஈ.சி.ஜி. தாளில் சின்ன மேடாகத் தெரியும் பி அலை மேலறையுடையது, கூர்மையாக எழும் கியூ.ஆர்.எஸ். கீழறையுடையது.

அடுத்த எழுத்து கோளாறின் குணத்தைச் சொல்கிறது. டி என்றால் டாக்கிகார்டியா: வேகம் அதிகம், ஆனால் பெரும்பாலும் ஒழுங்கு உண்டு. எஃப் என்றால் ஃபிப்ரிலேஷன்: ஒழுங்கே கிடையாது. தேர் வடத்தை ஒரே குரலுக்கு இழுக்காமல் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஃபிப்ரிலேஷனில் இதயத் தசைக்கு நடக்கிறது. அத்தனை பேரும் உழைக்கிறார்கள், தேர் நகரவில்லை.

மேலறையில் அப்படி நடந்தால் ஏ.எஃப். பலர் அதோடு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். கீழறையில் நடந்தால் வி.எஃப். உடலுக்கு ரத்தத்தைத் தள்ளுவது கீழறைதான் என்பதால் ரத்த ஓட்டம் நின்று சில விநாடிகளில் மயக்கம். இதுதான் கார்டியாக் அரெஸ்ட். உடனே சி.பி.ஆர். என்ற நெஞ்சை அழுத்தும் முதலுதவி, கூடிய விரைவில் டிஃபிப்ரிலேட்டர் கருவியின் மின் ஷாக், வேறு வழியில்லை. சி.பி.ஆர். செய்யாவிட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. விமான நிலையச் சுவர்களில் ஏ.ஈ.டி. என்று எழுதிய டிஃபிப்ரிலேட்டர் பெட்டி மாட்டியிருப்பது இதற்காகத்தான். பயிற்சி இல்லாதவரும் பயன்படுத்தும்படி அது குரலில் வழி சொல்லும். இந்த ஏ மேலறை அல்ல, 'ஆட்டோமேட்டட்'.

வி என்று கண்டதும் பயந்துவிடவும் வேண்டாம். வி.பி.சி. என்று ரிப்போர்ட்டில் வந்தால், கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வந்த ஒற்றைத் துடிப்பு என்று பொருள். இதய அமைப்பு நன்றாக இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தீங்கில்லாதது. உடலில் மாட்டி விடும் 24 மணி நேர ஈ.சி.ஜி.யான ஹோல்டர் பரிசோதனையில் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

ஏ.எஃப். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் மேலறைக்குள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் அலைகின்றன. ஏ.வி. நோட் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகிறது. அதையும் மீறி நிறைய கீழே இறங்கி, கீழறை வேகமாக ஓடினால் அதுதான் ஆர்.வி.ஆர். வேகத்தைக் குறைக்க பீட்டா பிளாக்கர் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் பெரிய ஆபத்து வேகத்தில் இல்லை. மேலறை சரியாகச் சுருங்காததால் ரத்தம் தேங்குகிறது, குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் பை போலத் துருத்தியிருக்கும் எல்.ஏ.ஏ. என்ற இடத்தில். தேங்கிய ரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். இருந்தால் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு.

யாருக்கு உறைதடுப்பு மருந்து வேண்டும் என்று முடிவு செய்ய சாட்ஸ்-வாஸ்க் என்றொரு மதிப்பெண். இதயச் செயலிழப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வயது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. 75 வயது ஆனவருக்கு 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்றால் ஒரு புள்ளி கூட்டுவது வழக்கம். 2024-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டது.

இப்போது ஐ.என்.ஆர். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் சொல்லும் எண் இது. மருந்து சாப்பிடாதவருக்கு 1 அளவில் இருக்கும். ஏ.எஃப்.-க்காக வார்ஃபரினோ அசெனோகூமராலோ எடுப்பவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், மிகவும் ஏறினால் ரத்தக்கசிவு. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துகளுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் சரி.

டபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளை டி.ஓ.ஏ.சி. என்று எழுதுவார்கள். இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம். ஆனால் நம் நாட்டில் முக்கியமான ஒரு விலக்கு இருக்கிறது. சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய வார்ஃபரின் வகைதான். பக்கத்து வீட்டுக்காரர் புதிய மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று நாமும் மாறக் கூடாது.

எஸ்.வி.டி., அதாவது கீழறைக்கு மேலே தொடங்கும் வேகத் துடிப்பு, வேறு கதை. பெரும்பாலும் நல்ல இதயத்தில், திடீரென்று நிமிடத்துக்கு 150, 200 என்று ஓடும், திடீரென்று நிற்கும். ஏ.வி. நோடில் இரண்டு பாதைகள் இருந்து, மின்சாரம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால் ஏ.வி.என்.ஆர்.டி. பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் ஒரு குறுக்குவழி இருந்தால் டபிள்யூ.பி.டபிள்யூ., 1930-இல் இதை விவரித்த மூன்று மருத்துவர்களின் முதலெழுத்துகள். இந்தச் சுருக்கம் உங்கள் ஃபைலில் இருந்தால் எந்த அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் முதலில் சொல்லுங்கள். டபிள்யூ.பி.டபிள்யூ. உள்ளவருக்கு ஏ.எஃப். வந்தால், வேகத்தைக் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் வெரபமில் மருந்து அவரை வி.எஃப்.-இல் தள்ளிவிடக்கூடும்.

எஸ்.வி.டி.யை நிறுத்த ஊசிக்கு முன்பு மூச்சுப் பயிற்சியை முயல்வார்கள். 15 விநாடி மூச்சை அடக்கி ஊத வைத்து, உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடிப்பது. 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் 17 சதவீதத்தினருக்கும் இந்த முறையில் 43 சதவீதத்தினருக்கும் துடிப்பு சீரானது. நிற்காவிட்டால் அடினோசின். சில விநாடிகளே உடலில் இருக்கும் அந்த மருந்து ஏ.வி. நோடை ஒரு கணம் அணைத்துவிடும்.

நிரந்தரத் தீர்வு ஈ.பி.எஸ்., ஆர்.எஃப்.ஏ. என்று சேர்ந்தே எழுதப்படும். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்தி, எங்கே சுற்று நடக்கிறது என்று கண்டுபிடிப்பது ஈ.பி.எஸ். அந்தச் சிறு இடத்தை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது ஆர்.எஃப்.ஏ. ஏ.வி.என்.ஆர்.டி.யில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் குணமாகிறார்கள். ஏ.எஃப்.-க்குச் செய்வது பி.வி.ஐ.: நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றி மின்தடுப்பு போடுவது. தொந்தரவு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள்.

கடைசியாக, உடலுக்குள் வைக்கும் கருவிகள். பி.பி.எம். என்றால் நிரந்தர பேஸ்மேக்கர், துடிப்பு மந்தமானால் தூண்டிவிடும். கூடவே வி.வி.ஐ., டி.டி.டி.ஆர். என்று எழுதியிருக்கும். முதல் எழுத்து எந்த அறையைத் தூண்டுகிறது, இரண்டாவது எந்த அறையைக் கவனிக்கிறது, மூன்றாவது கவனித்ததும் என்ன செய்கிறது. வி.வி.ஐ. என்றால் கீழறையைக் கவனித்து, இயல்பான துடிப்பு வந்தால் அடங்கி, வராவிட்டால் கீழறையைத் தூண்டும். டி.டி.டி.யில் டி என்பது டாக்கிகார்டியா அல்ல, 'டூயல்': முதல் இரண்டும் இரண்டு அறைகளும், மூன்றாவது அடங்குவது, தூண்டுவது இரண்டும். கடைசி ஆர், நடக்கும்போது துடிப்பைத் தானே கூட்டும் வசதி.

ஐ.சி.டி. என்பது உடலுக்குள் வைக்கும் டிஃபிப்ரிலேட்டர், ஆபத்தான வி.டி. (கீழறையின் வேகத் துடிப்பு), வி.எஃப். ஆகியவற்றுக்குக் காவல். 1980-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பெரும்பாலும் முதலில் ஏ.டி.பி. என்ற வலியில்லாத வேகத் தூண்டலால் வி.டி.யை அடக்கப் பார்க்கும், அடங்காவிட்டால் ஷாக். ஒரு ஷாக் வந்து உடம்பு இயல்பாக இருந்தால் அன்றைக்கே கருவியைப் பரிசோதிக்கும் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ ஆம்புலன்ஸ். அப்புறம், பரிசோதனை ரிப்போர்ட்டில் ஈ.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்து வந்தால், பேட்டரி தீரும் கட்டத்துக்கு வந்துவிட்டது, கருவியை மாற்ற நாள் குறிக்க வேண்டும்.