சொல் விளக்கம்: கிரைண்டிங், சாணை, குருந்தம்

கிரைண்டிங் என்றதும் மாவு அரைப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலும் அதன் வேர்ப்பொருள் அதை ஒட்டியதே. பழைய ஆங்கிலத்தில் 'கிரிண்டன்' என்ற வினை உராய்ந்து நொறுக்குவதைக் குறித்தது. தானியத்தைப் பொடியாக்குவதற்கும் கத்தியைக் கல்லில் தீட்டுவதற்கும் அந்த மொழி ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. சுழலும் கல்லால் உலோகத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் தொழிற்சாலை வேலைக்கும் பிறகு அதுவே நிலைத்தது.

தமிழில் இவை இரண்டும் தனித்தனி வேலைகள். அரைத்தால் பொருளே பொடியாகும். சாணை பிடித்தால் பொருள் அப்படியே இருக்க, மேலே மெல்லிய அளவு மட்டும் கழியும். அதனால் கிரைண்டிங் மெஷினை 'அரைக்கும் இயந்திரம்' என்று மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெயரைப் படிக்கும் மாணவர் இயந்திரம் செய்யும் வேலைக்கு நேர் எதிரானதை மனத்தில் வாங்கிக்கொள்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. கிரைண்டிங் என்பது உண்மையில் வெட்டும் வேலை. சாணைச் சக்கரத்தில் எண்ணற்ற கடினத் துகள்கள் பிணைப்புப் பொருளால் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி வெட்டுளி. கழிந்து விழும் தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் கடைசலில் விழுவது போன்ற சுருள் சீவல்களும் அதில் தெரியும். பறக்கும் தீப்பொறிகள், சூடேறிக் காற்றில் எரியும் இந்தச் சீவல்களே. துகளின் முனை மழுங்கினால் அதன் மேல் விசை கூடும். அது உடையும், அல்லது உதிரும். அப்போது புது முனை வெளியே வரும். தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும் இந்தக் குணம் சாணைச் சக்கரத்தின் தனிச்சிறப்பு. அது போதாதபோது வைர முனையால் சக்கரத்தின் முகத்தைச் சீவிவிடுவார்கள். அதைத்தான் பட்டறையில் டிரெஸ்ஸிங் என்கிறோம்.

சரி, 'சாணை' எங்கிருந்து வந்தது? வடமொழியில் தீட்டுகல்லையும் உரைகல்லையும் குறிக்கும் 'சாண' என்ற சொல்லோடு உறவுடையது இது. தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் 'தீட்டுதல்' என்று சொல்லலாம், நல்ல சொல்தான். ஆனால் ஓவியத்தையும் தீட்டுகிறோம், கண்ணுக்கு மையும் தீட்டுகிறோம். சாணைக்கு அந்தக் குழப்பம் இல்லை, கல்லும் வேலையும் சேர்ந்தே மனத்தில் வந்துவிடும்.

வேரைத் தேடினால் பெரிய மகிழ்ச்சி தருவது சாணையைவிட அதன் கல்தான். அலுமினியம் ஆக்சைடு கனிமத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் கொரண்டம். இது தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. மாணிக்கத்தைக் குறிக்கும் 'குருவிந்தம்' என்ற வடசொல் அதற்கு உறவு. மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10 என்றால் குருந்தத்துக்கு 9. குருந்தப் பொடியை அரக்கில் கலந்து சாணைச் சக்கரம் செய்வது இந்தியக் கல் மெருகுக்காரர்களின் பழைய முறை. அரக்கால் பிணைத்த சக்கரங்கள் இன்றும் நுண்ணிய வேலைகளுக்கு உள்ளன. சக்கரத்தின் மேல் எழுதும் குறியீட்டில் அந்தப் பிணைப்புக்கு 'E' என்ற ஆங்கில எழுத்து.

1891இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் மின்உலையில் ஒரு புதிய பொருளை உண்டாக்கினார். அது கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. கணிப்பு தவறினாலும் பெயர் நின்றுவிட்டது. இப்போது 'கார்போரண்டம் கல்' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு தமிழ்ச் சொல்லின் பாதியை நாம் திரும்ப உச்சரிக்கிறோம். 1957இல் ராபர்ட் வென்டார்ஃப் கியூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான செயற்கைப் பொருளை உருவாக்கினார். வைரத்தின் கார்பன் அதிக வெப்பத்தில் இரும்போடு வினைபுரியும் என்பதால், கடினமாக்கிய எஃகுக்கு இதுதான் ஏற்றது. வைரச் சக்கரம் வெட்டுளிகள் செய்யும் கார்பைடுக்கும் பீங்கானுக்கும் போகும்.

தொழிற்சாலையில் இந்த வேலையைத் துல்லிய கிரைண்டிங் என்பார்கள். துல்லியம் என்ற அடைமொழி இங்கே சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் தடிமன். கடைசிச் சுற்றுகளில் சக்கரம் எடுப்பது சில மைக்ரான்தான். வழக்கமான கிரைண்டிங்கில் மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரான் அளவில் வரும். குளிர்விக்கும் திரவம் சரியாகப் பாயாவிட்டால் அந்த நொடியிலேயே மேற்பரப்பு கருகும். பழுப்பு, நீலத் தடங்கள் விழும், கடினமாக்கிய எஃகு மென்மையாகிவிடும். இதற்குக் 'கருகல்' என்ற சொல்லே போதும்.

அடுத்து ஃபினிஷிங், அதாவது பொருளின் மேற்பரப்பை வேண்டியபடி சரிசெய்யும் இறுதி வேலை. 'முடித்தல்' என்றால் வேலை தீர்ந்தது என்றுதான் பொருள் வரும். 'மெருகேற்றுதல்' பாலிஷிங்குக்கும், துணிச் சக்கரத்தால் பளபளப்பாக்கும் பஃபிங்குக்கும் சரி, எல்லாவற்றுக்கும் சரியல்ல. பளபளப்பு வேறு, சீர்மை வேறு. எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரை ஹோனிங் செய்யும்போது, அதாவது நுண்கற்களால் தேய்த்துச் சீராக்கும்போது, குறுக்குநெடுக்காகக் கோடுகளை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், எண்ணெய் தங்குவதற்காக. அதை மெருகு என்றால் வேலையின் நோக்கமே மறைந்துபோகும். ஃபினிஷிங் என்ற பொதுச்சொல்லுக்கு 'பரப்புச் சீராக்கம்' என்பது என் தேர்வு. விளிம்பில் நிற்கும் பர்ரை எடுப்பதற்குப் 'பிசிறு எடுத்தல்' என்று பட்டறையிலேயே நல்ல சொல் உண்டு, அப்புறம் புதிதாக எதற்கு? ஹோனிங், தளர்ந்த துகள்களை இடையில் விட்டுத் தேய்க்கும் லேப்பிங் இரண்டையும் இப்போதைக்கு அப்படியே எழுதலாம்.

சாணை வகைகளுக்குத் தளச் சாணை, உருளைச் சாணை, உட்சாணை, மையமில்லாச் சாணை என்று எழுதிப் பார்த்தேன். சர்ஃபேஸ், சிலிண்ட்ரிக்கல், இன்டர்னல், சென்டர்லெஸ் என்ற நான்குக்கும் இடறாமல் பொருந்துகின்றன. துல்லிய கிரைண்டிங் முழுவதற்கும் 'நுண்சாணை'. இயந்திரத்துக்குச் சாணை எந்திரம், வேலைக்குச் சாணை பிடித்தல்.