கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் வெள்ளி

விக்டோரியா அரசியின் வெள்ளி நாணயத்தில் வண்ண எனாமல் வேலை, அதாவது நிறக் கண்ணாடியை உருக்கிப் பதிக்கும் வேலை, செய்திருந்தால் அதன் மதிப்பு கூடுமா, குறையுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நாணயத்தை நாணயமாக மட்டும் சேகரிப்பவருக்கு அது சிதைக்கப்பட்ட பொருள்தான். உருவங்களைச் சுற்றியுள்ள வெள்ளியை உளியால் தோண்டி எடுத்த பிறகே எனாமலை இட முடியும். ஆனால் பர்மிங்ஹாம் நகரில் எட்வின் ஸ்டீல், வில்லியம் ஹென்றி புரோபர்ட் போன்ற கைவினைஞர்கள் உருவாக்கிய வேலைப்பாடு பழுதின்றிக் கிடைத்தால், அதை நகைக்கலையாகப் பார்ப்பவர்கள் சாதாரண நாணயத்தைவிட மிக அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். என் மனமும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

1887 முதல் 1890 வரை வெளியான இரட்டை ஃபுளோரின் என்ற பிரிட்டிஷ் வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தில் சிலுவை வடிவில் அமைந்த கேடயங்களில், அயர்லாந்தின் யாழுக்குப் பின்னே கோபால்ட் தரும் நீலமும் இங்கிலாந்தின் சிங்கங்களுக்குப் பின்னே சிவப்பும் இடம்பெறும். கண்ணாடித் தூளைக் குழிகளில் நிரப்பிச் சூளையில் உருக்க வேண்டும். 92.5 விழுக்காடு வெள்ளியும் எஞ்சிய பங்கு செம்பும் கொண்ட அந்த உலோகம் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும் என்பதால், கண்ணாடி அதற்கு முன்பே உருகியாக வேண்டும்.

உண்மையான அழகு, சூளையிலிருந்து வெளியே எடுத்த பிறகே நிகழ்கிறது. சுமார் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த நாணயம், வெப்பநிலை 400 டிகிரி குறைவதற்குள், கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாகச் சுருங்குகிறது. கண்ணாடியோ அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டை குளிர்ந்து மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்தை இறுக்குவதைப் போல, வெள்ளி கண்ணாடியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் எளிதில் உடையும் கண்ணாடி, அமுக்கத்தைப் பன்மடங்கு தாங்கும். நூறாண்டுகளைக் கடந்தும் எனாமல் உதிராமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். சுருக்க வேறுபாடு அளவு மீறினால் அதே விசையே கண்ணாடியைத் தெறிக்கச் செய்துவிடும் என்பதால், கண்ணாடியின் கலவையை வெள்ளிக்குப் பொருந்தும்படி அமைக்க வேண்டும். அந்தக் கைவினைஞர்களின் அறிவு என்னை வியக்க வைப்பது இங்கேதான்.

ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தாலும் விலை வெகுவாகச் சரிவதற்கும் இதுவே விளக்கம். பெயர்ந்த இடத்தின் விளிம்பில் அமுக்கச் சமநிலை குலைவதால், அடுத்த விரிசல் அங்கிருந்தே கிளம்பக்கூடும். பழுதை நீக்க மறுபடி சூளையில் வைத்தால் மற்ற வண்ணங்களும் இளகும். புரோச்சாக, அதாவது உடையில் குத்தும் அணியாக, மாற்றப் பின்னால் பற்றவைத்த ஊசியும் கழன்றுவிடலாம்.

ஆகவே சிலர் ரெசின் என்னும் செயற்கைப் பிசினை நிரப்பிப் பழுதை மறைக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால், கண்ணாடி பெயர்ந்த இடம் சிப்பியின் உட்புறம் போல வளைந்து பளபளக்கும். கண்ணாடியைவிட மென்மையான ரெசினில் நுண்கீறல்களும் சிறு காற்றுக்குமிழிகளும் தென்படலாம். பழுதைச் சொல்லாமல் ரெசினால் மறைத்த நாணயத்தைவிட, சில்லு பெயர்ந்திருப்பது வெளிப்படையாகத் தெரியும் நாணயத்தையே வாங்கச் சொல்வேன்.