நூலக வரி செலுத்துவோரும் கிராம சபையும்

வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். வீட்டு வரியாகவோ சொத்து வரியாகவோ நாம் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் வசூலாகும் இத்தொகையை, ஊராட்சியும் நகராட்சியும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக்கு 600 ரூபாய் வீட்டு வரி கட்டும் குடும்பம் 60 ரூபாயை நூலகத்துக்கென்றே தருகிறது. ஆகவே ஊர் நூலகத்துக்குள் சென்று அமர்வது எவரிடமும் பெறும் சலுகை அன்று.

இதற்கு அடிப்படையான 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். அப்போது சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் என்பதில் கொங்கு நாட்டார் பெருமை கொள்ளலாம். நூல்களை வாங்கி வைப்பதோடு, விரிவுரைகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யவும் இச்சட்டம் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளிக்கிறது. நூலகங்களில் இயங்கும் வாசகர் வட்டங்கள் இந்த நோக்கத்துக்கு மிகவும் பொருத்தமானவை. ஆனால் பல ஊர்களில் அவை நூல் அறிமுகக் கூட்டங்களோடு நின்றுவிடுகின்றன.

கிராம சபையோடு வாசகர் வட்டம் இணைய வேண்டும் என்பதே என் கருத்து. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடுகிறது. 3,001 முதல் 10,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் குறைந்தது 200 பேர் வந்திருக்க வேண்டும். அத்தனை பேர் கூடும் இடத்தில் வரவு செலவுக் கணக்கை முதன்முறையாகக் காதால் கேட்டு, உடனே கருத்துச் சொல்வது எவருக்கும் கடினம்.

அவினாசி வட்டாரத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் பவானி உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். நம் குளம் பட்டியலில் உள்ளதா, வாய்க்கால் தூர்வாரும் செலவு எந்தக் கணக்கில் வருகிறது என்பவற்றை முந்தைய வாரமே நூலகத்தில் அமர்ந்து படித்துப் பேசியவர்கள், சபையில் “தண்ணி வரலீங்க” என்பதோடு நிறுத்தாமல், எழுதிய தீர்மானத்தையே முன்வைக்க முடியும். விவசாயிகளும் பெண்களும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில் நூலகரின் ஒப்புதலோடு இதை நடத்தலாம். கட்சிக் கூட்டமாக மாறாமல் பார்த்துக்கொள்வது மட்டும் மிக அவசியம்.

தேவையான ஆவணம் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பொதுமக்களுக்கென நூலகமோ படிப்பறையோ வைத்திருக்கும் அலுவலகம் அதன் வேலை நேரத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. நகரங்களில் இருப்போர் இதே முறையைப் பகுதி சபைகளுக்குக் கையாளலாம். உங்கள் ஊர்ப்புற நூலகம் பூட்டிக் கிடந்தாலோ வாசகர் வட்டம் இல்லாமலிருந்தாலோ, மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதும் கடிதத்தோடு நூலக வரி செலுத்திய ரசீதின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.