இலை காத்திருக்காது, சர்வர் காத்திருக்கட்டும்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை கணக்கர் டாலி என்ற கணக்கு மென்பொருளைத் திறக்கிறார். கம்பெனி பெயரே வரவில்லை. டேட்டா இருக்கும் 10000 என்ற ஃபோல்டருக்குள் போனால், ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. பக்கத்தில் புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல், பணம் கேட்டு. இதுதான் ரேன்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள். வெளியே இலை லாரி வந்து நிற்கிறது.

முதலில் லாரியைப் பார்க்க வேண்டும். சாக்கில் கட்டிய பச்சை இலை சூடேறிச் சிவந்துவிடும். ஆனால் வாடல் தொட்டிக்கும் இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி மிஷினுக்கும் டிரையருக்கும் சர்வர் தேவையில்லை. கார்பன் வைத்த எடைச் சீட்டில் விவசாயி பெயர், எடை, ஈரத்துக்குக் கழித்த கிலோ மூன்றையும் எழுதி இரண்டு பிரதி எடுத்தால் ஆலை ஓடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆலை நின்றுவிடும் என்ற பயத்தில்தான் சர்வரை அவசரமாக ரீஸ்டார்ட் செய்கிறார்கள், பேக்கப் டிஸ்கைக் கொண்டுவந்து சொருகுகிறார்கள். முதலாவது தடயத்தை அழிக்கும். இரண்டாவது, மிச்சமிருந்த ஒரே நல்ல பிரதியையும் பூட்டக் கொடுத்துவிடும்.

பூட்டு எப்படி விழுகிறது? ரேன்சம்வேர் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு புது சாவியை (ஏஇஎஸ் என்ற பூட்டுமுறைக்கான நீண்ட எண்) அந்தக் கணினியிலேயே உருவாக்கி, அதைக் கொண்டு ஃபைலை உருக்குலைக்கிறது. பிறகு அந்தச் சாவியையே தாக்கியவனின் பொதுச் சாவியால் (பூட்ட மட்டுமே உதவும் சாவி) மூடி ஃபைலின் கடைசியில் ஒட்டிவிடுகிறது. கோவில் உண்டியல் மாதிரி: காசு யாரும் போடலாம், திறக்கும் சாவி இருப்பது ஒருவரிடம்தான். 256 பிட் சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க இன்றைய எந்தக் கணினியாலும் ஆகாது.

ஒரு சின்ன இடைவெளி உண்டு. மூடப்படுவதற்கு முன் சாவி கணினியின் மெமரியில் இருந்தாக வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, ரீஸ்டார்ட் செய்யாத விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகள் சிலவற்றில், மெமரியில் அழியாமல் கிடந்த பகா எண்களை எடுத்து, அந்தக் கணினியிலேயே உருவாகியிருந்த, பூட்டைத் திறக்கும் ஆர்எஸ்ஏ சாவியையே திரும்பக் கட்ட முடிந்தது. எல்லா வகைக்கும் இந்த வாய்ப்பு இல்லை. ஆனாலும் ஆஃப் செய்த நொடியில் அது அடியோடு போய்விடும்.

அதனால் சர்வரின் லேன் கேபிளைக் கழற்றுங்கள், மின்சாரத்தை விட்டுவிடுங்கள். கண்ணெதிரே ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு. அப்போது பிளக்கைப் பிடுங்குவதே மேல், மீதி ஃபைலாவது தப்பும். இல்லையென்றால் யுபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கும்போதே மெமரியைப் பிரதி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எஃப்டிகே இமேஜர் என்ற மென்பொருள் இதற்குப் போதும். இங்கே பலர் சறுக்குவது பென் டிரைவில்: 16 ஜிபி மெமரி என்றால் வரும் ஃபைலும் ஏறக்குறைய 16 ஜிபி. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது, பாதியில் நின்றுவிடும். அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த காலி டிரைவை முன்பே எடுத்து வையுங்கள்.

ரூட்டரையும் ஆஃப் செய்யக் கூடாது. இணைய கேபிளை மட்டும் உருவுங்கள். சாதாரண ரூட்டர்கள் லாகை (எப்போது என்ன நடந்தது என்ற பதிவேட்டை) மெமரியில்தான் வைத்திருக்கும், கரண்ட் போனால் லாகும் போச்சு. அவற்றில் பலவற்றுக்குக் கடிகார பேட்டரியும் கிடையாது. கரண்ட் வந்து இணையம் கிடைக்கும்வரை பழைய ஏதோ ஒரு தேதியைக் காட்டிக்கொண்டிருக்கும். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) பதிவாகியிருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் விட்டால், இரவு வந்தவனைத் தேடி மறுநாள் விடியற்காலை லாகைப் புரட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, தாக்கியவன் நுழைந்த வாசல். சிறு நிறுவனங்களில் அடிக்கடி காணும் வாசல் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி. கோவையில் இருக்கும் ஆடிட்டர் டாலியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரூட்டரில் அதற்கான வழியை, 3389ஆம் போர்ட்டை, திறந்துவிட்டிருப்பார்கள். விண்டோஸின் செக்யூரிட்டி லாகில் 4625 என்ற எண்ணுள்ள பதிவு தோற்ற லாகின், 4624 வெற்றி பெற்றது. நூற்றுக்கணக்கான 4625 வரிசையாக வந்து, அதே முகவரியிலிருந்து ஒரு 4624 வந்தால் அவன் உள்ளே வந்த நிமிடம் அதுதான். அந்தச் செக்யூரிட்டி லாக்கின் இயல்பான அளவு குறைவு; சாதாரண விண்டோஸ் கணினிகளில் 20 எம்பி மட்டுமே. நிரம்பினால் பழையது அழியும். கடவுச்சொல்லை ஊகிக்கும் தாக்குதலே அதை நிரப்பிவிடும் என்பதால் உடனே பிரதி எடுக்க வேண்டும். லாகைத் துடைத்திருந்தால் 1102 என்ற பதிவு மிஞ்சும். அப்போதும் கைவிட வேண்டாம். டெர்மினல் சர்வீசஸின் லோக்கல் செஷன் மேனேஜர் என்று தனி லாக் ஒன்று இருக்கிறது. அதில் 21ஆம் எண் பதிவு, யார் எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார் என்பதைச் சொல்லும். துடைக்க வருகிறவர்கள் பல நேரம் இதை மறந்துவிடுகிறார்கள்.

பூட்டு கடைசி வேலைதான். அதற்கு முன்பே புதுப் பயனர் கணக்கு (4720), புது சர்வீஸ் (7045), ஷேடோ காப்பிகளை (விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை) அழித்தது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இவற்றைக் கண்டுபிடித்து வாசலை அடைக்காமல் பேக்கப்பை ஏற்றினால் அடுத்த வாரமும் இதே நோட்பேட் ஃபைல் வரும்.

புகாரையும் தள்ளிப்போடக் கூடாது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பணம் கட்டுவதைப் பற்றிப் பேசும் முன் பூட்டிய ஃபைல் ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் நோ மோர் ரேன்சம் தளத்தில் கொடுத்துப் பாருங்கள். 2016இல் தொடங்கிய அதில் பல வகைகளுக்கு இலவசத் திறவுகோல் இருக்கிறது. பணம் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

மீட்கும்போது பழைய டிஸ்கைத் தடயமாகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, புது டிஸ்கில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பேக்கப்பிலிருந்து டேட்டாவை மட்டும் எடுங்கள், புரோகிராம்களை வேண்டாம். நேரத்தையும் கணக்குப் போட்டு வையுங்கள்: 200 ஜிபி டேட்டா, நொடிக்கு 100 எம்பி தரும் யுஎஸ்பி 3 டிஸ்கிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்; 20 எம்பிபிஎஸ் இணையத்தில் கிளவுடிலிருந்து இறக்கினால் 22 மணி நேரம், அதுவும் இடையில் ஃபைபர் அறுந்துபோகாமல் இருந்தால்.

டாலி திறந்ததும் கடைசி வவுச்சரின் தேதியைப் பாருங்கள். அதற்கு மறுநாளிலிருந்து எடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நாள்வாரியாக மொத்தக் கிலோவைக் கூட்டி லாரி எடையோடு ஒப்பிட வேண்டும். ஒரு சீட்டு தவறினாலும் மாதக் கடைசியில் ஒரு விவசாயியின் பணம் குறையும்.