சைலன்சர்: ஒலியடக்கியா, ஒலிதணிப்பானா?

தமிழ்நாட்டில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும் 'எக்ஸாஸ்ட்' என்ற சொல் அதிகம் காதில் விழாது. வீடியோ பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள் அப்படிக் கேட்பார்கள். மெக்கானிக்குக்கு அது சைலன்சர்தான். எஞ்சின் தலையிலிருந்து வளைந்து இறங்கும் குழாய் பெண்ட் பைப்; அதன் முனையில் பின்சக்கரத்தை ஒட்டி நீளும் பருத்த உருளை சைலன்சர். பல நேரம் இரண்டையும் சேர்த்தே சைலன்சர் என்கிறோம். பைக்கிலிருந்து இறங்கும்போது வலது கெண்டைக்காலில் தழும்பு வாங்கியவர்கள் எல்லோரும் 'சைலன்சர் சுட்டுடுச்சு' என்றுதான் சொல்வார்கள், சுட்டது பெண்ட் பைப்பாகவே இருந்தாலும்.

சைலன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'பேசாமல் இருத்தல்' என்று பொருள்படும் சிலேரே என்ற வினைதான் வேர். ஆகவே சைலன்சர் என்றால் பேசவிடாமல் செய்வது. எஞ்சின் உறுப்புக்கு பிரிட்டிஷார் இந்தப் பெயரை வைக்க, அவர்கள் ஆண்ட நாடுகளில் அதுவே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இதே உறுப்புக்கு மஃப்ளர் என்று பெயர். நமக்கு மப்ளர் என்றால் ஊட்டிக் குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துணி. இரண்டும் ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சில் மூஃப்ல் என்பது தடித்த கையுறை. அதிலிருந்து 'சுற்றி மூடுதல்' என்ற பொருள் கிளைத்தது. முகத்தையும் கழுத்தையும் மூடும் துணிக்குப் பெயரானது. கடைசியில் எஞ்சினுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் எஞ்சின் மஃப்ளருக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1909இல் ஹைரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவரின் மகன் இவர். துப்பாக்கிக்குச் செய்ததையே எஞ்சின்களுக்கும் செய்து விற்றார். அமெரிக்கரிடம் சைலன்சர் என்று சொன்னால் இன்றும் அவருக்கு முதலில் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும்.

எக்ஸாஸ்ட் வேறு கிளை. லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே. ஹௌரீரே என்றால் தண்ணீர் மொள்ளுதல், இறைத்தல். சேர்ந்தால் 'இறைத்து வெளியேற்றுதல்'. கிணறு வற்றும்வரை இறைத்த நிலைதான், களைத்துப் போனவரைச் சொல்லும் எக்ஸாஸ்டட். சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனும் புகையை வெளியே இறைக்கிறது. எஞ்சினுக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்பது பெண்ட் பைப்புக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தை அந்த அலை தொட்டதும், குறைந்த அழுத்த அலையாக மாறி எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடும் முன் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். குழாயின் நீளமும் விட்டமும் இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. 'எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும், இல்லன்னா பிக்கப் போயிடும்' என்று சொல்வார்கள். பேக் பிரஷர் என்பது வாயு வெளியேறும் வழியில் எழும் தடை. பிக்கப் குறைவது உண்மை, சொல்லும் காரணம் தவறு. எஞ்சினுக்கு வேண்டியது தடை அல்ல, சரியான நேரத்தில் வந்து சேரும் இழுப்பு. அளவுக்கு மீறி அகலமான குழாயைப் போட்டால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வாயுவின் வேகம் குறைந்து அந்த இழுப்பு கெட்டுப்போகிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த அலை இரட்டை வேலை பார்க்கிறது. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் அந்தக் குழாய் முதலில் இழுக்கிறது. பிறகு, வெளியே தப்பி வந்த புதுக் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் பந்தய ஓட்டுநராக இருந்த எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பி சுசுகியில் சேர்ந்தபோது அந்த நுட்பமும் கூடவே போனது. நடுவில் பருத்த அந்தக் குழாய்க்கு விரிவறை என்ற பெயர் நன்றாகப் பொருந்தும்.

இந்தியச் சட்டத்தில் சைலன்சருக்கு ஓர் அழகான வரையறை இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 120: எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும்போது எழும் ஒலியை, விரிவறை மூலமோ வேறு வழியிலோ, நடைமுறையில் இயன்ற அளவு குறைக்கும் சாதனம் ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். 'இயன்ற அளவு குறைக்கும்' என்பதுதான் இதில் உயிர்நாடி. ஒலியை ஒழிக்கும் என்று விதி சொல்லவில்லை.

தமிழில் பொதுவாக எழுதும் 'ஒலியடக்கி' என்ற சொல்லில் எனக்கு நிறைவில்லாததும் இதனால்தான். அடக்குதல் என்றால் எழவிடாமல் செய்வது. துப்பாக்கிக்கு அது பொருந்தும், அங்கே நோக்கமே மறைப்பது. மோட்டார் சைக்கிளுக்கு அப்படி இல்லை. வண்டி வருவது சாலையில் போகிறவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது. தாகம் தணிகிறது, சூடு தணிகிறது, கோபம் தணிகிறது என்கிறோம். இருப்பது குறைந்து ஓர் அளவுக்கு வந்து நிற்பதுதான் தணிதல். ஒலிபெருக்கி என்ற சொல்லை நூறு கோயில் திருவிழாக்களில் புழங்கி நமதாக்கிக்கொண்டோம். அதற்கு நேரெதிரான வேலையைச் செய்வது ஒலிதணிப்பான். சைலன்சர் என்ற உருளைக்கு இதுவே சரியான தமிழ் என்பது என் கருத்து. பெண்ட் பைப் முதல் கடைசி முனை வரையிலான முழு அமைப்புக்கு புகைபோக்கி போதும். கூரைமேல் இருக்கும் புகைபோக்கியும் எரிந்ததைப் போக்குகிறது, இதுவும் அதைத்தான் செய்கிறது. பெண்ட் பைப் வளைகுழாய். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு வினையூக்கி மாற்றியும், சென்சாருக்கு உணரியும் ஏற்கெனவே வழக்கில் இருக்கின்றன.

ஆஃப்டர்மார்க்கெட் என்பதைச் 'சந்தைக்குப் பிந்தைய' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வண்டி விற்ற பிறகு அதன் உதிரிபாகங்களுக்கும் கூடுதல் பொருள்களுக்கும் உருவாகும் தனிச் சந்தைதான் அது. சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் 'கம்பெனி சைலன்சரா, வெளியிலயா?' என்று கேட்பார்கள். அந்த 'வெளி'யை எடுத்துக்கொண்டு வெளிச்சந்தை ஒலிதணிப்பான் என்றால் பொருள் தானாக விளங்கும்.

இப்படி ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அது ஒலியை எதனால் தணிக்கிறது என்பதைத்தான். 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால், எக்ஸாஸ்ட் வால்வு 2,000 முறை திறக்கிறது. நொடிக்கு 33 வெடிச் சத்தம். கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளால் பிரித்த அறைகள் உண்டு. ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வெளிச்சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேறு வகை: நடுவில் பொத்தல் போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றித் திணித்த கண்ணாடி இழை. இழைதான் ஒலியை உறிஞ்சுகிறது. ஓட ஓட அது கருகிக் குறைந்து, வாங்கியபோது இதமாக இருந்த சத்தம் கரகரப்பாகிவிடும். மூடியைக் கழற்றிப் புது இழை திணிக்க வழி இருக்கிறதா, ரிவெட் அடித்து மூடிவிட்டார்களா என்று கடையிலேயே பாருங்கள். முனையில் சத்தத்தை மேலும் குறைக்க டிபி கில்லர் என்று ஒரு சிறு செருகி இருக்கும். ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். 'அத எடுத்துடுங்க, சவுண்டு செமயா வரும்' என்று கடைக்காரரே சொல்வார். எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குழாய்தான்; தணிப்பான் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. உள்ளே எதுவும் இல்லாமல் 'ஃப்ரீ ஃப்ளோ' என்று பெயர் ஒட்டி விற்கும் வெறும் தகர உருளைகளும் இதே கணக்கில்தான் வரும். அவற்றை வாங்காதீர்கள்.

சத்தத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். உற்பத்தி நிலையில், ஓடும் வண்டியில் அளக்கும் உச்சவரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. எண்கள் நெருக்கமாகத் தெரியும். ஆனால் 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகக் கேட்கிறது. வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உரிமமும் மூன்று மாதம் முடங்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவு தனி. பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து, வினையூக்கி மாற்றி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, வண்டிகளில் ஆக்சிஜன் உணரியும் வினையூக்கி மாற்றியும் வழக்கமாகிவிட்டன. மாற்றி வளைகுழாயிலேயே இருந்தால், பின்னாலிருக்கும் உருளையை மட்டும் மாற்றும் 'ஸ்லிப் ஆன்' வகை அதைத் தொடாது. உருளைக்குள் இருந்தால், உருளையோடு அதுவும் போய்விடும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய அந்தச் சிறு தேன்கூடு எவ்வளவு மதிப்புள்ளது என்பது, வேன்களின் சைலன்சரைக் கழற்றித் திருடும் கும்பல்களுக்கு நன்றாகத் தெரியும். மாற்றி போய்விட்டால் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும், புகைச் சான்றிதழிலும் சிக்கல் வரும். முழு அமைப்பையும் மாற்றுவதென்றால் எஞ்சினை இயக்கும் சிறு கணினியான ஈசியூவின் எரிபொருள் கணக்கையும் திருத்த வேண்டும். 20 குதிரைத்திறன் வண்டியில் உருளையை மட்டும் மாற்றி வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிச்சயமாகக் குறைவது எடைதான்.

உலோகத்தில் என் பரிந்துரை துருப்பிடிக்காத எஃகு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முனையில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது ஆவியாகாமல் உள்ளேயே தேங்கும். மேலே குரோம் பளபளக்கும்போதே இரும்பு உள்ளிருந்து துருவேறிக்கொண்டிருக்கும். வெப்பக் காப்புத் தகடு கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் புடவையோடு உட்காரும் அம்மாவின் கால் எங்கே வரும் என்று ஒருமுறை உட்காரவைத்தே பார்த்துவிடுங்கள்.

பொருத்துவதை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். பழைய நட்டுகளில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துச் சற்று ஊறவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் சிலிண்டர் தலையில் பதிந்திருக்கும் மரையாணியான ஸ்டட் ஒடியும். அதை எடுப்பது பெரிய செலவு. உணரியின் ஒயரை முதலில் கனெக்டரில் பிரித்துவிடுங்கள்; கழற்றிய குழாய் அந்த ஒயரில் தொங்கக் கூடாது. வளைகுழாயைக் கழற்றினால் உள்ளே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வளையம் நசுங்கி உருமாறியிருக்கும். அதைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். புது அமைப்பைப் போடும்போது எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, குழாய் எந்த இடத்திலும் இழுபடாமல் தானாக உட்கார்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டே வாருங்கள். மாற்றி முறுக்கினால் குழாய் இழுவிசையிலேயே நிற்கும். அதிர்வில் வெல்டிங் விரிசல் விடும். சைலன்சரைத் தாங்கும் ஹேங்கரில் இருந்த ரப்பர் புஷ்ஷையும் அதன் உள்வளையத்தையும் பழைய சைலன்சரிலிருந்து எடுத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள். சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் மடிந்ததும் முட்டி நிற்பது சைலன்சரில் இருக்கும் ரப்பர் கட்டையில்தான். புதியதில் அந்தக் கட்டை இல்லையென்றால் ஸ்டாண்ட் மேலேறிச் செயினில் உரசும்.

ஸ்டார்ட் செய்யும் முன் உலோகத்தைச் சுத்தமான துணியால் அழுத்தித் துடையுங்கள். கைரேகையின் எண்ணெய்ப் பசை சூட்டில் கருகி, எஃகில் நிரந்தரக் கறையாகிவிடும். முதல் சில நிமிடம் லேசாகப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், அது தயாரிப்பு எண்ணெய் எரிவது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தால், மூட்டில் எங்கோ காற்று உள்ளே போகிறதா என்று தேடுங்கள். ஆறிய பிறகு இணைப்புகளில் கரிக்கோடு தெரியும் இடம்தான் கசிவு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முறுக்குங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அவை தளர்ந்திருக்கும்.

கழற்றிய கம்பெனி சைலன்சரை இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 ஆண்டு கழித்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன் வண்டியை நிறுத்தும்போதும், விற்கும்போதும் அது தேவைப்படும். வெயிலில் நிமிர்த்தி வைத்து உள்ளீரத்தை வடியவிட்டு, வெளிப்புறம் எண்ணெய் தடவி, எலி கூடு கட்டாதபடி இரு முனையையும் துணியால் அடைத்து, பரணில் போட்டு வையுங்கள்.